மரம் இருந்த இடம்

நாத்தனார்: கையை எடுங்க அண்ணி. மரம் அங்க இல்ல.

அண்ணி: அங்க இல்லையா? போன செவ்வாய்க்கிழமை நீதானே இதே இடத்துல விரலை வச்சு, "இங்கதான், கண்ணை மூடினா அப்படியே தெரியுது"ன்னு சொன்ன?

நாத்தனார்: சொன்னேன்தான். வீட்டுக்குப் போய்ப் படுத்தப்புறம் திரும்பவும் மூடினேன். டிக்கெட் ஜன்னல் பக்கமா தெரிஞ்சுது.

அண்ணி: அந்த வயசுல கண்ணைத் திறந்து பாத்திருக்கலாம்... பசை காஞ்சு கல்லாயிடுச்சு. கத்தி வச்சுப் பேத்தா கீழே இருக்கற புல்லும் சேந்து வரும்.

நாத்தனார்: வரட்டும். மரத்தூள்தானே. பச்சை நான் கலந்து தரேன்.

அண்ணி: ஆமா, பச்சை கலக்கவே ஒரு வாரம் ஆக்குவ. பச்சைன்னா பச்சை. அதுல என்ன...

நாத்தனார்: புல்லு ஒரே பச்சையாவா இருக்கும்? தையல்காரிக்கு நிறம் சொல்லித் தராதீங்க.

அண்ணி: நான் என்னத்தைச் சொல்லித் தர்றது? அந்த ஸ்டேஷனை நான் பாத்ததே இல்லையே. நான் கல்யாணமாகி வரும்போது தண்டவாளத்தையே கழட்டிட்டுப் போயிட்டாங்க. உங்கண்ணன் ஒரு தடவை கூட்டிட்டுப் போனாரு. பாத்தா பெரிய லாரி ஷெட்டு. ஒரு பழைய டயரைக் காட்டி, "இதுதான் எங்க பிளாட்பாரம்"னாரு.

நாத்தனார்: அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அண்ணி: தெரிஞ்சுது. அப்படியே நின்னு அழுதாரு. நான் என்ன கேட்டேன் தெரியுமா? கண்ணுல தூசியான்னு கேட்டேன். அதுக்கப்புறம்தான் அந்த ஸ்டேஷனை அப்படியே சின்னதா செய்யணும்னு ப்ளைவுட்டை வாங்கிட்டு வந்து இந்த மேசையைப் போட்டாரு. கூடம் பூரா ஊர் ஆயிடுச்சு. சோபாவைத் தூக்கிப் பின்கட்டுல போட்டோம்.

நாத்தனார்: பாவம், சோபா.

அண்ணி: பாவம் நான். கட்டடம், தண்டவாளம், பாலம் எல்லாம் முடிச்சுட்டாரு. புல்லும் மரமும், பாலத்துக்கு அடியில ஒயரும்தான் பாக்கி. அதை அப்படியே நமக்கு வச்சுட்டுப் போயிட்டாரு. ஒரு போட்டோ கூட கெடையாது. உன் தலைக்குள்ள இருக்கறதுதான் எனக்கு ஆதாரம்.

நாத்தனார்: அது போதாதா?

அண்ணி: போதும்தான். ஆனா ஒண்ணு... அவர் ஒரு நாளும் மரத்தைப் பத்திப் பேசினதில்ல.

நாத்தனார்: அண்ணன் எதைத்தான் பேசினான்? வாயில ஸ்க்ரூவைக் கவ்விகிட்டே பாதி ஆயுசு போச்சு.

அண்ணி: அதுவும் சரிதான். ...எங்க வைக்கணும், சொல்லு, உன் தூங்குமூஞ்சி மரத்தை? கம்பி முறுக்கி, ஸ்பாஞ்சு பிச்சுப் போட்டு அழகாத்தான் செஞ்சிருக்க.

நாத்தனார்: டிக்கெட் ஜன்னலுக்கு இந்தப் பக்கம். கொஞ்சம்... இன்னும் கொஞ்சம். ம். சும்மா நிறுத்துங்க. ஒட்டாதீங்க.

அண்ணி: ஏன்?

நாத்தனார்: அடுத்த வாரம் ஒரு தடவை பாத்துட்டு ஒட்டிக்கலாம்.

அண்ணி: உன்னை வச்சு நிஜ ஸ்டேஷனைக் கட்டியிருந்தா பிரயாணிங்கல்லாம் நடந்தே ஊர் போய்ச் சேந்திருப்பாங்க.

நாத்தனார்: சரி சரி, வண்டியை விடுங்க. பாலத்தைத் தாண்டுதான்னு பாப்போம்.

அண்ணி: விடறேன். குமிழைத் திருகிட்டேன்... கெளம்பிடுச்சு.

நாத்தனார்: ஸ்டேஷனை விட்டாச்சு. எங்க வீடு... ரயில்வே கேட்டு... வளைவு... பாலம்...

அண்ணி: நின்னுடுச்சு.

நாத்தனார்: அதே இடம்.

அண்ணி: அதே இடம்தான். அடியில ஒயர் விட்டிருக்கும்.

நாத்தனார்: போன வாரம்தானே ஈயம் வச்சு, ஆறட்டும்னு ஓட்டாம விட்டீங்க? நான் டார்ச் பிடிச்சேன், என் கைமேல ஒரு சொட்டு...

அண்ணி: கைமேல படல. பட்டிருந்தா தெருவே கூடியிருக்கும்.

நாத்தனார்: ரேடியோ கம்பெனில நீங்க ஒட்டின ஒயர் ஒண்ணுகூட விட்டுத் திரும்பி வந்ததில்லன்னு அண்ணன் பெருமை அடிச்சுப்பான்.

அண்ணி: வந்ததில்லதான்.

நாத்தனார்: அப்புறம் இது மட்டும் ஏன் வாராவாரம்...

அண்ணி: எலி.

நாத்தனார்: போன மாசம் ஈரம்னீங்க.

அண்ணி: ஈரம் போச்சு, எலி வந்துச்சு. நான் என்ன அதுகூடக் குடித்தனமா பண்றேன், கேட்டுச் சொல்ல? நகரு. அடியில போகணும். டார்ச்சைப் பிடி. மூஞ்சியில அடிக்காதே, ஒயர்ல அடி.

நாத்தனார்: முழங்கால் பத்திரம்.

அண்ணி: முழங்கால் கெடக்கட்டும். நீ பேசிகிட்டே இரு. வாய் சும்மா இருந்தா உனக்குக் கை ஆடுது.

நாத்தனார்: என்ன பேச?

அண்ணி: அந்த மணியைப் பத்திச் சொல்லேன்.

நாத்தனார்: எத்தனை தடவை சொல்லியாச்சு... அது மணியே இல்ல அண்ணி. உடைஞ்ச தண்டவாளத் துண்டு. கம்பி கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க. வண்டி முந்தின ஸ்டேஷனை விட்டுடுச்சுன்னா அப்பா இரும்புக் கம்பியால தட்டுவாரு. தட்டிட்டு, கொடியைத் தூக்கிகிட்டுத் தண்டவாளத்தை மாத்திவிட ஓடுவாரு. அம்மா ஒரே பாய்ச்சலா போய் வெளியில காயற துணியெல்லாம் உருவுவா, கரி படியும்னு.

அண்ணி: அதான் வீட்டுக்குப் பின்னாடி நீ கயிறு கட்டி, குட்டிக் குட்டித் துணி தச்சுப் போட்டிருக்கியா? அந்தச் சிவப்புப் பாவாடை யாரோடது?

நாத்தனார்: என்னோடதுதான். வேற யாருக்குச் சிவப்பு வாங்குவாங்க, நான் ஒருத்திதானே பொண்ணு.

அண்ணி: பக்கத்துல கிழிஞ்ச டவுசர்?

நாத்தனார்: உங்க வீட்டுக்காரரோடது. மூணு ஒட்டு போட்டிருக்கேன், நல்லாப் பாருங்க... அண்ணன் ஒரு வேலை பண்ணுவான். அப்பா மணி அடிக்கறதுக்கு முன்னாடியே "வண்டி வருது"ன்னு சொல்லிடுவான். எங்களுக்கெல்லாம் மந்திரம் மாதிரி இருக்கும். ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது... அலமாரியில கடைசி டம்ளர் சுவரை ஒட்டி இருக்கும். அது முதல்ல நடுங்கும். அதைப் பாத்துகிட்டே சாப்பிடுவான்.

அண்ணி: இங்கயும் கடைசி டம்ளர்லதான் தண்ணி குடிப்பாரு. நான் எடுத்து வச்சா கோபம் வரும்.

நாத்தனார்: ம்... அப்பாவுக்கு மாத்தல் வந்து டவுனுக்குப் போனோம். தண்டவாளமே இல்லாத தெரு. முதல் நாள் படுத்தா எனக்குத் தூக்கமே வரல. ஊரே செத்துப்போன மாதிரி அமைதி. பயந்து அழறேன். அண்ணன் எழுந்து டிரங்குப் பெட்டிகிட்ட போய் உக்காந்து, விரல் கணுவால தட்டினான். ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ரெண்டு தட்டு. தடக் தடக்... தடக் தடக்... நான் தூங்கற வரைக்கும்... என்ன அண்ணி, கையை எடுத்துட்டீங்க? சுட்டுகிட்டீங்களா?

அண்ணி: இல்ல... கட்டில் கம்பியில தட்டுவாரு. எனக்குத் தூக்கம் வராம புரண்டா, இதே மாதிரி ரெண்டு ரெண்டா. "சும்மா இருங்க, தலை வலிக்குது"ன்னு திட்டுவேன். ஒரு நாளும் ஏன்னு கேக்கல நான்.

நாத்தனார்: திட்டினா நிறுத்திடுவானா?

அண்ணி: இல்ல. கொஞ்சம் மெதுவா தட்டுவாரு. இப்ப வீடு ரொம்ப அமைதியா இருக்கு. செவ்வாய்க்கிழமை பரவாயில்ல. நீ வந்து ஆயிரம் நொட்டை சொல்ற.

நாத்தனார்: நானா? அண்ணன் இருந்தப்ப நான் உங்க வீட்டுக்கு வந்தா செருப்பைக் கழட்டறதா வேண்டாமான்னு வாசல்லயே யோசிப்பேன். அப்படி ஒரு பார்வை பாப்பீங்க.

அண்ணி: வந்ததும் வராததுமா குழம்புல உப்பு இல்லன்னு சொன்னா எப்படிப் பாப்பாங்களாம்?

நாத்தனார்: உப்பு இருக்காதே.

அண்ணி: அவருக்கு ரத்தக் கொதிப்பு. யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. உன்கிட்டயும்தான்.

நாத்தனார்: ...இத்தனை வருஷம் உங்க கை அப்படின்னு நெனைச்சேன்.

அண்ணி: நெனைச்சுக்கோன்னு விட்டுட்டேன். டார்ச்சை ஒயர்ல அடி.

மகள்: அம்மா, கதவைத் திறந்து போட்டுட்டு எங்க... அத்தை, அம்மா எங்க?

நாத்தனார்: பாலத்துக்கு அடியில.

மகள்: இன்னுமா? சரி, ரெண்டு பேரும் இருக்கீங்க, நல்லதாப் போச்சு. லைப்ரரியில இருந்துதான் வரேன். குழந்தைங்க பகுதி தயாராயிடுச்சாம். வண்டி ஓடுதான்னு கேக்கறாங்க. ஓடினா இதை எடுத்துட்டுப் போக சனிக்கிழமை வேன் அனுப்பறாங்க.

அண்ணி: இந்த சனிக்கிழமையா?

மகள்: ஆமா. இன்னும் ஓடலைன்னா அந்த இடத்துல மீன் தொட்டி வைக்கப் போறாங்களாம். எவ்வளவு நாள்தான் காலியா வச்சிருப்பாங்க?

நாத்தனார்: மரம் இன்னும் முடிவாகலையே...

அண்ணி: எலி வேற...

மகள்: நான் கட்டாயப்படுத்தல. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா இன்னிக்கே சொல்லணும். அப்பாதான் அவங்களுக்கு வாக்கு குடுத்தாரு, இது ஒரு சுத்து முழுசா சுத்தின அன்னிக்கு உங்க பிள்ளைங்களுக்குன்னு. நான் வாசல்ல வண்டியை ஓரமா நிறுத்திட்டு வரேன். அதுக்குள்ள பேசி வைங்க.

அண்ணி: மீன் தொட்டியும் நல்லாத்தான் இருக்கும்.

நாத்தனார்: ம். மீனும் சுத்திச் சுத்தித்தானே வரும்.

அண்ணி: பிள்ளைங்களுக்கு எதுன்னா என்ன...

நாத்தனார்: ஆமா.

அண்ணி: பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நம்ம கூடத்து ஜன்னல்ல வந்து தொங்குவாங்க. "எப்ப ஓடும், எப்ப ஓடும்"னு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்பகூட ஒரு பல்லு விழுந்த பொண்ணு கேட்டா. "வந்து முடிச்சுடறேன் கண்ணு"ன்னு சொல்லிட்டுத்தான் வண்டியில ஏறினாரு.

நாத்தனார்: எனக்குத் தெரியாதே இது.

அண்ணி: அவ இன்னும் எட்டிப் பாக்கறா. நான் திரையை இழுத்து விட்டுடறேன். டார்ச்சைக் கிட்ட கொண்டு வா.

நாத்தனார்: என்ன பண்றீங்க?

அண்ணி: நல்லா வைக்கறேன்.

நாத்தனார்: அப்ப இவ்வளவு நாள்?

அண்ணி: பிடின்னா பிடி.

மகள்: என்ன முடிவு பண்ணீங்க? அம்மா, எழுந்திரிங்க, கையைக் குடுங்க. மூஞ்சியெல்லாம் தூசி.

அண்ணி: அந்தக் குமிழை நீயே திருகு.

மகள்: திருகிட்டேன்.

நாத்தனார்: ஸ்டேஷனை விட்டாச்சு... எங்க வீடு... கேட்டு... வளைவு...

அண்ணி: பாலம்.

மகள்: தாண்டிடுச்சு. அம்மா, தாண்டிடுச்சு. சுரங்கத்துக்குள்ள போகுது...

நாத்தனார்: வெளிய வருது பாரு. வருது. எங்கப்பா பொம்மை கொடியோட நிக்குது... வந்து நின்னுடுச்சு.

மகள்: அப்பா இதைப் பாத்திருக்கணும்... அத்தை, அழறீங்களா?

நாத்தனார்: கண்ணுல தூசி.

மகள்: அம்மா, நீங்களும்?

அண்ணி: ஈயப் புகை. போ, போய் சனிக்கிழமை வரச்சொல்லு. மீன் தொட்டியை வேற எங்கயாவது வைக்கட்டும்.

மகள்: ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்.

நாத்தனார்: எலிக்கு இனிமே நிரந்தர லீவா?

அண்ணி: எந்த எலி?

நாத்தனார்: அண்ணி, பிஞ்சதுக்கும் பிரிச்சதுக்கும் வித்தியாசம் தெரியாம இத்தனை வருஷம் தையல் கடை நடத்த முடியுமா? எலி கடிச்சா நார் நாராத் தொங்கும். இது ஒவ்வொரு வாரமும் சூடு காட்டி, பிசிறு இல்லாம எடுத்த மாதிரி இருந்துச்சு.

அண்ணி: ...எப்பத்தில இருந்து தெரியும்?

நாத்தனார்: நீங்க ஈரம்னு சொன்ன அன்னிக்கே.

அண்ணி: தெரிஞ்சுகிட்டேவா டார்ச் பிடிச்ச?

நாத்தனார்: நல்லாத்தானே பிடிச்சேன்.

அண்ணி: வண்டி ஓடிட்டா மேசை போயிடும். மேசை போயிட்டா நீ எதுக்கு ரெண்டு பஸ் மாறி இங்க வரப்போற? அதான். ஒவ்வொரு திங்கக்கிழமையும் அடியில போய் எடுத்து விட்டுட்டு வந்துடுவேன். சிரிக்காதே.

நாத்தனார்: சிரிக்கல.

அண்ணி: வருவியா இனிமேலும்?

நாத்தனார்: கூடத்துல சோபா திரும்பி வந்துடும்ல. உக்கார இடம் இருக்கும். வரேன். குழம்புல உப்பு மட்டும் போட்டு வைங்க.

அண்ணி: போடறேன். ...சரி வா, பிள்ளைங்க பாக்கப்போற சாமான், தப்பு இருக்கக் கூடாது. நான் என் பங்குக்கு ஒயரை ஒழுங்கா வச்சுட்டேன். நீயும் கடைசியா ஒரு தடவை நல்லாக் கண்ணை மூடி யோசி. அந்தத் தூங்குமூஞ்சி மரத்தை அது இருந்த இடத்துலயே வச்சிடு. பசை இந்தா.

நாத்தனார்: பசை வேண்டாம். மரத்தை மட்டும் குடுங்க.

அண்ணி: இந்தா... ஏய், எங்கடி வைக்கற? அது உன் கைப்பை.

நாத்தனார்: அந்த ஸ்டேஷன்ல மரமே கெடையாது அண்ணி.