சின்ன லிஹியா

மாலை ஆறரை மணி இருக்கும். வெள்ளைக் கல் பரப்பிய காட்டுப் பாதை... ஆள் நடமாட்டமே இல்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

என் நண்பன் கஸ்பாருடைய மாமா அன்செல்மோ. செனோத்தே என்கிற குகைக் குளத்தைப் பார்க்க வருகிறவர்களைத் தண்ணீர்வரை இறக்கி ஏற்றுவது அவர் வேலை. அன்று எல்லோரும் போன பிறகு மிதவைச் சட்டைகளை எடுக்க மகள் லிஹியாவோடு இறங்கினார். திரும்பி ஏறும்போது மரப்படியில் அவளுக்குக் கால் வழுக்கியது. விழவில்லை... விழப் பார்த்தாள். மேலே வந்தால் பேச்சே இல்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

பயந்த இடத்திலேயே உயிர் தங்கிவிடும் என்பது நம் மாயா ஜனங்களுக்குத் தெரியாததா? குகை வாயில் நின்று, கிளையால் தரையைத் தட்டி, பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அழைத்தார்.

"லிஹியா... வாம்மா. அங்க இருக்காத. வீட்டுக்குப் போலாம்."

அந்தக் குகை ஒரு குடுவை மாதிரி. வாய் சிறியது, வயிறு பெரியது. சொன்ன சொல் சுவரெல்லாம் சுற்றிவிட்டு, வாலை மட்டும் தூக்கிக்கொண்டு தாமதமாக வரும். "...லாம்... லாம்" என்று வந்தது. தினமும் கேட்கிற எதிரொலிதான்.

அது அடங்கிய பிறகு, கீழேயிருந்து...

"வரேன்பா."

எதிரொலி சொன்னதைத்தான் திருப்பித் தரும். சொல்லாததைச் சொல்லாது. லிஹியாவோ அவர் பக்கத்தில், உதடு ஒட்டினபடி நின்றாள்.

அப்போதுதான் தன் தப்பு அவருக்கு உறைத்தது. மூத்த மகள் அந்தத் தண்ணீரில் மூழ்கித்தான் போனாள். போனவளின் பெயரையே அடுத்தவளுக்கும் வைத்திருந்தார்கள். அங்கே நின்று கூப்பிட நேர்ந்தால் 'சின்ன லிஹியா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று மனைவி தியோதோரா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பயத்தில் மறந்துவிட்டார்.

படியில் ஈரக்கால் சத்தம். சளப்... சளப்... ஊறிய வேரின் வாடை. மகளைத் தூக்கி மூன்று சக்கர வண்டியில் போட்டு மிதித்தார்.

"சின்னவளைத்தானே கூப்பிட்டீங்க?" என்று தியோதோரா வாசலிலேயே கேட்டாள். அவர் பிள்ளையை வலைத் தூளியில் கிடத்தப் போய்விட்டார்.

பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் மத்தியானம் திரும்பிப் போய், 'சின்ன லிஹியா, சின்ன லிஹியா' என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். எதிரொலிதான் வந்தது.

காய்ச்சல் ஒருவழியாக விட்டது. ஆனால் இப்போதெல்லாம், சோள ரொட்டியைச் சுட்டுவிட்டுத் தியோதோரா 'லிஹியா' என்று சாப்பிடக் கூப்பிட்டால், சின்னவள் தூளியைவிட்டு அசைவதில்லை. அக்கா ஒருத்தி இருந்தாள் என்று அவளிடம் யாருமே சொன்னதில்லை.

"கூப்பிடுறது காதுல விழலையாடி?"

"விழுதும்மா. அவதான் வரேன்னு சொல்லிட்டாளே."