கிணத்துத் தண்ணியைக் கிளாஸ்ல ஊத்துன எவேலியாம்மாவுக்கு

எங்க அன்புக்கும் ஆசைக்கும் உரிய எவேலியாம்மா! குவாதலூப்பே பள்ளத்தாக்குக்கு ஒயின் ருசிக்க வந்தவங்களையெல்லாம் பேச்சாலேயே மயக்கின மகராசியே! வணக்கம்.

'சின்னப் பொண்ணு, நல்லா எழுதுவே'ன்னு கூட வேலை பாக்குற எல்லாரும் உங்க பிரிவு உபசார வாழ்த்து மடலை என் தலையில கட்டிட்டாங்க. வீட்ல எல்லாரும் தூங்கியாச்சு. நான் மட்டும் உக்காந்து எழுதிக்கிட்டிருக்கேன்.

நீங்க வந்தப்போ இங்க மண் ரோடு, நாலஞ்சு திராட்சைத் தோட்டம். இப்போ எல்லை தாண்டி பஸ் பஸ்ஸா வர்றாங்க. கல்யாணம், கச்சேரி, நீச்சல்குளம் வெச்ச ஓட்டல்! இருபத்திரண்டு வருஷமா அத்தனை பேருக்கும் கிளாஸைச் சுத்து, மோந்து பாரு, உறிஞ்சு, துப்புன்னு பொறுமையா பழக்கிவிட்டவங்க நீங்க. "ஒயின்ல லேசா உப்பு கரிக்குதே?"ன்னு கேட்டா, "கடல் காத்து கண்ணு"ன்னு சிரிச்சே சமாளிச்சவங்க.

அப்படிப்பட்டவங்க போன ஞாயித்துக்கிழமை என்ன காரியம் பண்ணீங்கம்மா! கடைசி கிளாஸ்ல ஒயினுக்குப் பதிலா தண்ணிய ஊத்துனீங்க. ருசிக்க வந்தவங்களும் பயபக்தியா சுத்தி, மோந்து, உறிஞ்சுனாங்க. அதுல ஒரு தாடிக்காரர் கண்ணை மூடிக்கிட்டு, "ஆஹா, இதுலதான் கடல் அப்படியே தெரியுது!"ன்னார்.

"கடல் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு தம்பி. இது பின்னாடி, திராட்சைக்குப் பாயுற எங்க கிணறு. ஓட்டலும் தோட்டமும் போட்டி போட்டு உறிஞ்சு உறிஞ்சு உப்பாயிடுச்சு"ன்னீங்க.

"அம்மா, நீங்க எத்தனை கிளாஸ் போட்டீங்க?"

"குடிச்சது நீங்க ராசா. நான் தெளிவாத்தான் இருக்கேன்."

முதலாளி பவுஸ்தோ ஐயா மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போச்சு. ஏப்ரனைக் கழட்டி மேசையில வெச்சீங்க. "நான் வேலையிலேர்ந்து ஓய்வு எடுத்துக்கறேன்"னு நடந்துட்டீங்க. நாங்க வாயப் பொளந்து நின்னோம். இன்னும் மூடல.

உங்களைப் பாராட்டணும்னு உக்காந்தா கோவந்தான் வருதும்மா. மறுநாளே ஐயா என்னைக் கூப்பிட்டார். "நயேலி, சனிக்கிழமையிலேர்ந்து நீதான் பேசுற. கடல் காத்துன்னே சொல்லு. உங்க அம்மா நம்ம சமையல்கட்டுலதானே வேலை பாக்குறா?"ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.

எங்க அம்மாகிட்ட சொன்னேன். மாவு பிசைஞ்சுக்கிட்டே, "போடி, வேலை போனா தெருவோரத்துல மாவு அவிச்சு தமாலே விப்பேன். உன் வாயால பொய் சொல்லாதே"ன்னுட்டாங்க.

அதனால சனிக்கிழமை வர்றவங்ககிட்ட கிணத்து உப்புதான்னு சொல்லிடப் போறேன். குரல் நடுங்கும். பாதியில அழுதாலும் அழுவேன். அன்னிக்கு நீங்க வந்துடாதீங்க, உங்க முகத்தைப் பாத்தா முழுசா அழுதுடுவேன்.

பயமில்லாத எங்க பெருமாட்டியே! உங்களுக்கு நோய் நொடி அண்டாம, நூறைத் தாண்டியும் நல்லா இருக்கணும், நல்ல தண்ணி குடிச்சு வாழணும்!

இப்படிக்கு,
உங்களால தூக்கம் கெட்டுப்போன ஊழியர்கள்.

(ஐயா முன்னாடிதான் இதை வாசிக்கப் போறேன். கீழ அவர் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கோம்.)