இருபதாவது முகம்

டீயில் சர்க்கரை அளவாக இருக்கிறது, மேடம். தம்பிக்கும் இப்படித்தான் போடுவேன். ஒன்பது வருடம் போட்டேன்.

அவனுக்கு மனநோய் வந்தபோது எனக்கு முப்பது வயது. யாரைப் பார்த்தாலும் முறைக்கிறார்கள் என்பான். சும்மா இருக்கும் முகத்தைக்கூட இவன் மூளை கோபமாகத்தான் எடுத்துக்கொள்ளும், வீட்டில் சிரித்த முகமாக இருங்கள் என்றார் டாக்டர். இருந்தேன். பல்வலியோடும் சிரித்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பினார்கள்.

புது மாத்திரையில் அவன் தேறினான். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. அங்கே பழகிய பெண்ணைக் கூட்டி வந்து, "கல்யாணத்துக்கப்புறம் இருக்க நாங்க தனியா வீடு பாத்துட்டோம்க்கா. இனிமே நீ உன் வாழ்க்கையப் பாரு" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். எந்த வாழ்க்கையை என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அவன் மாத்திரை டப்பாவில் இருந்ததை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் சத்து மாத்திரை போட்டு வைத்தேன். சிரிப்பதையும் நிறுத்தினேன். அவ்வளவுதான். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, முகத்தில் எதுவும் அசையாமல் அவனைப் பார்ப்பேன். கண்ணாடி முன்னால் பழகினேன், நினைப்பதைவிடக் கஷ்டம்.

மூன்றாவது வாரம் கேட்டான்: "அக்கா, எம்மேல கோபமா?"

"இல்லடா. உனக்கு அப்படித் தெரியுது."

அப்புறம் எல்லா முகமும் அப்படியே தெரிந்தது. பால்காரர், பக்கத்து வீட்டுக் குழந்தை, எல்லாரும். எங்கள் வீடு மாடியில். ஒரு சாயங்காலம் வேலை முடிந்த களைப்போடு அந்தப் பெண் படியேறி வந்தாள். மேலே நின்றிருந்த அவன் என் பக்கம் திரும்பி, "இவ ஏன் என்னை இப்படிப் பாக்குறா?" என்றான்.

"அவகிட்டயே கேளு" என்றேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். படியிலிருந்து அவளைத் தள்ளியது அவன் கைதான். அவள் பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மறுபடி சரியான மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து டாக்டர் இருபது புகைப்படங்களைக் காட்டி, எந்த முகத்தில் என்ன தெரிகிறது என்று அவனைக் கேட்டார். வீட்டார் படமும் வேண்டுமென்றதால், நான் நன்றாகச் சிரித்திருந்த ஒன்றைக் கொடுத்திருந்தேன். பத்தொன்பதைச் சரியாகச் சொன்னான். என் படத்தைக் கவிழ்த்து வைத்து, "இவங்களப் பாத்தா பயமா இருக்கு" என்றான். அதன் பிறகுதான் டாக்டர் மாத்திரை டப்பாவைக் கேட்டார்.

மாற்றியது நான்தான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவனை இப்போதைக்கு வெளியே விட வேண்டாமென்று டாக்டரிடம் சொல்லுங்கள், மேடம். அந்த ஒரு முகம் அவனுக்கு இன்னும் தப்பாகத்தான் தெரிகிறது.