நீ சொல்வது எனக்குக் கேட்கிறது

உங்கள் அறையில் நான் உட்காரும் நாற்காலிக்குப் பின்கால் ஒன்று ஆடுகிறது, மேடம். முதல் நாளே கவனித்தேன். ஒரு சின்னக் கட்டையை முட்டுக் கொடுத்து ஆணி அடித்தால் போதும். ஆனால் எதையும் சரிசெய்யக் கிளம்பாதீர்கள் என்பதுதான் அன்று நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

கவுன்சலிங்குக்குப் புதிதாக வரும் தம்பதிகளிடம் எங்கள் அனுபவத்தைச் சொல்லச் சொன்னீர்கள். அதற்கு முன் உங்களிடம் ஒரு முறை முழுதாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று வந்தேன். முடிக்கும்வரை நீங்கள் குறுக்கிட மாட்டீர்கள். இப்போதெல்லாம் நான் பேசுவதை அவ்வளவு நேரம் கேட்க யாரும் இல்லை. காலையில் பால் பாக்கெட் கடையில் ஒரு வார்த்தை. பிறகு பருத்திப்பட்டு வீட்டில் நாள் முழுக்க பிரிட்ஜ் ஓடி ஓடி நிற்கும் சத்தம்தான்.

நான் ஆவடி தொழிற்சாலையில் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டிலும் அதே வேலையைத்தான் செய்தேன். என் மனைவி தாட்சாயிணி கால் வலி என்றால் தைலம் வாங்கி வருவேன். மத்தியானத்தில் பொழுதே போகவில்லை என்றாள். பெரிய டிவி வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த வீட்டுக்கு வந்த புதிதில், இந்தத் தெருவில் ஒருத்தரும் நம் வீட்டுக்கு வருவதில்லையே என்றாள். வாசலில் காலிங்பெல் மாட்டிக் கொடுத்தேன். அவள் அம்மா இறந்தபோது வேன் பிடித்தது, ஐஸ்பெட்டிக்குச் சொன்னது, பந்தல் போட்டது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டது எல்லாம் நான். சம்பந்தி வீட்டார்கூடப் பாராட்டினார்கள். திரும்பி வரும் ரயிலில், ஒரு நிமிஷம் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லையே நீங்கள் என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. நான் உட்கார்ந்திருந்தால் பந்தலை யார் போட்டிருப்பார்கள்?

மகள் கிருஷ்ணப்பிரியா கோயம்புத்தூரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இனி உன்னோடேயே இருந்துவிடுகிறேன் என்று தாட்சாயிணி அவளிடம் போனில் சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். சண்டை இல்லை, அழுகை இல்லை. வெயிலாக இருக்கிறது என்பதுபோல்தான் சொன்னாள். முதலில் அப்பாவோடு ஒரு தடவை கவுன்சலிங் போய்ப் பார் என்று மகள்தான் அம்பத்தூரில் உங்களைத் தேடிப் பிடித்தாள். கோளாறு என்றால் சரிசெய்துவிடலாம் என்று நானும் கிளம்பி வந்தேன்.

முதல் நாள் அவள் உங்களிடம் சொன்னது நினைவிருக்கும். "இவர்கிட்ட மனசுல இருக்கறத சொல்ல முடியாதும்மா. வாயத் தொறந்தா ஸ்பேனரத் தூக்கிட்டு வந்துடுவாரு."

நீங்கள் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "சார், அவங்க கஷ்டத்தைச் சொல்றப்ப தீர்வு சொல்லாதீங்க. எழுந்து போகாதீங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு, நீ சொல்றது எனக்குக் கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. பாதியில கையை விட்டுடாதீங்க."

தினமும் விளக்கு ஏற்றியதும் அதைச் செய்தோம். முதல் சில நாள் இருவருக்கும் கூச்சம். பக்கத்து வீட்டு வசந்தா காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, அண்ணன் இன்னிக்கும் கைய புடிச்சிகினு குந்திக்கீறாரு? ரெண்டாவது கண்ணாலமா?" என்பாள். தாட்சாயிணி வெட்கப்பட்டு ஜன்னலைச் சாத்துவாள். நான் கையை விடமாட்டேன்.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். மகளுக்கு முன்னால் ஒரு கரு கலைந்தபோது நான் இரவு ஷிப்ட்டில் இருந்தேனாம். பஸ் ஏறித் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். நான் வீடு திரும்பியதும் பெட்ஷீட்டைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேனாம். எனக்கு அது சுத்தமாக மறந்திருந்தது. நீ சொல்றது எனக்குக் கேக்குது என்றேன். அன்று வெகுநேரம் அழுதாள். அழுது முடித்ததும் காபி போட்டு வந்து, என் தம்ளரை என் கையில் கொடுத்தாள். எப்போதும் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறவள்.

அந்த மாதங்கள்தான் என் வாழ்க்கை, மேடம். சாயங்காலம் எப்போது வரும் என்று மத்தியானமே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் இருந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

கடைசியாக உங்களிடம் வந்தபோது, இப்போது எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்டீர்கள். மனசு லேசாகிவிட்டது, இவர் மேல் ஒரு கோபமும் இல்லை, இனி நிம்மதியாகப் பெண்ணிடம் போய் இருப்பேன் என்றாள். போகத்தான் வேண்டுமா என்று கேட்டீர்கள். அவள் சொன்னதை நான் ஒரு எழுத்து மாறாமல் சொல்வேன்.

"கோவத்தோட போகக் கூடாதுன்னுதாம்மா இத்தன வருஷம் இருந்தேன்."

நீங்கள் என்னைப் பார்த்து, அவர் சொன்னதையெல்லாம் ரொம்ப அழகாகக் காது கொடுத்துக் கேட்டீர்கள் சார், இனி வரத் தேவையில்லை என்றீர்கள். இன்னும் சில வாரம் வரலாமா என்று நான் கேட்டதற்கும் சிரித்தீர்கள். திரும்பும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அதற்கு முன் அப்படித் தூங்கியதே இல்லை. அண்ணனூர் தாண்டி, அடுத்து ஆவடியில் இறங்க வேண்டும் என்றபோதும் எழுப்ப மனம் வரவில்லை. கிளம்பப் போகிறவளுக்குத்தான் இப்படிச் சாய வருகிறது என்று எனக்குத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் பெட்டி பாதி அடுக்கியபடி கட்டிலில் திறந்து கிடந்தது. திங்கட்கிழமை ரயில். விளக்கு ஏற்றிவிட்டு வழக்கம்போல் எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நெஞ்சுல என்னமோ அழுத்துதுங்க."

நீ சொல்றது எனக்குக் கேக்குது என்றேன். லேசாகச் சிரித்தாள். பிறகு தோள்பட்டை இழுக்கிறது, இடது கை மரத்துப்போகிறது என்றாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கோத்திருந்தது. மறுபடியும் அதையே சொன்னேன்.

"விளையாடாதீங்க. ஆட்டோ கூப்பிடுங்க."

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அது என்னவென்று எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் முதலுதவிப் பயிற்சி எடுத்தவன் நான். என்னோடு வேலை பார்த்த ராஜசேகரன் இப்படித்தான் வேர்த்து உட்கார்ந்தார். ஸ்ட்ரெச்சருக்குக்கூடக் காத்திருக்காமல் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இன்றைக்கும் அவர் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறார். எங்கள் தெரு முனையில் ஆட்டோ ஸ்டாண்டு இருக்கிறது. ஆஸ்பத்திரியும் பக்கம்தான்.

எழுந்தால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. ஆட்டோ வரும். அவள் பிழைப்பாள். மகள் ஓடி வந்து, அம்மாவை இனி இங்கே விடமாட்டேன் என்று கையோடு கூட்டிக்கொண்டு போவாள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு நான் மட்டும் அந்த வீட்டில் மிஞ்சியிருப்பேன்.

அதனால் உட்கார்ந்திருந்தேன்.

எழப் பார்த்தாள். வசந்தாவைக் கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை, அந்த வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு என் முகத்தையே பார்த்தாள். கண் வேறெங்கும் போகவில்லை. அப்படி ஒருவர் என்னைப் பார்த்து நான் கண்டதில்லை. நானும் பார்வையை எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எல்லாம் அடங்கிய பிறகுதான் போய்ச் சுவருக்கு மேலே வசந்தாவைக் கூப்பிட்டேன். குளிப்பாட்டும்போது அவள்தான் கேட்டாள். "இன்னாண்ணா, அக்கா கையெல்லாம் கன்னிப் போய்க்கீது? வளையல் வேற ஒடஞ்சிக்கீது."

வலி தாங்காமல் என் கையை இறுக்கிக்கொண்டாள் என்றேன். வசந்தா வாய்விட்டு அழுதாள். தெருவெல்லாம் அதைச் சொன்னாள். துக்கம் கேட்க வந்த நீங்களும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். மகள் என்னைக் கட்டிப்பிடித்து, கடைசி வரைக்கும் அம்மா கையை விடவில்லையே அப்பா என்றாள். சின்னப் பெண்ணாக இருந்தபோதுகூட அவள் என்னிடம் அப்படி வந்ததில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள்.

அவர்கள் சொல்வதில் ஒரே ஒரு திருத்தம். இறுக்கிப் பிடித்திருந்தது அவள் இல்லை, நான். அவள் கையை உருவிக்கொள்ளத்தான் பார்த்தாள். அவ்வளவு பலம் அவளுக்கு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் விட்டிருந்தால் வாசல் வரைக்குமாவது போயிருப்பாள், யாராவது பார்த்திருப்பார்கள், இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மேடம்.

ஆனால் உங்கள் தம்பதிகளிடம் மீதியையும் சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் அவள் இழுப்பதை நிறுத்திவிட்டாள். விரல்கள் தளர்ந்து என் உள்ளங்கையில் அப்படியே கிடந்தன. போக வேண்டாம் என்று அவளுக்கு மனம் மாறியது அப்போதுதான்.