ஊற்றுக்கண்ணுக்கு மேலே

— எழுதும்மா டாப்லின். இரண்டாயிரத்து ஒன்பது, மார்ச் மூணு, செவ்வாய். காலை ஆறு நாற்பது. மூடுபனி, தூறல் இல்லை.

— குத்தகைப் பத்திரத்துல பனி எதுக்கு மாமா?

— இந்த ஸ்கெம் மாமா சொல்லி எழுதற பத்திரத்துல எதுவும் விடுபடாது. ‘அருவிக்கு மேலுள்ள சுண்ணாம்புப் பாறை முழுவதும்.’

— முழுவதும்னா ஊத்துக்கண்ணும் சேர்த்தியா?

— வெடி வைக்கிறது அதுக்கு நூறடி மேலே. கண்ணு எங்க போயிடும்?

— போன மாசம் சோதனைக்குன்னு ரெண்டே வெடி. அருவித் தண்ணி பாலாட்டம் வெளுத்துது. மீனெல்லாம் மல்லாந்து மிதந்துது. பாறைப் பொந்துல ஒரு நண்டு கிடையாது.

— நண்டு திரும்பி வரும்.

— தண்ணிக்குப் பின்னால கூடு கட்டியிருந்த நீளவால் குருவி? முட்டையை அப்படியே போட்டுட்டுப் போயிடுச்சே.

— குருவிக்காக ஊர்ச்சபையில கொடுத்த வாக்கை மாத்தவா? குவாரி கம்பெனிக்காரங்க சோரா டவுன் வரைக்கும் ரோடு போட்டுத் தர்றாங்கடி.

— அந்த அருவிப் படியெல்லாம் யாரும் கட்டலை மாமா. விழுந்த இலைமேல தண்ணி ஓடி ஓடிக் கல்லாச்சு. இன்னும் வளருது. ஊத்து நின்னா அதோட சரி.

— கோபத்துல பேசறே. இந்தா, ஒரு வெத்தலை போடு.

— சுண்ணாம்பு தடவியா? அதுக்கும் பாறையை உடைச்சாச்சா?

— வாயாடி! காஸி மலை வழக்கம் மறந்துபோச்சா? நிலம் கடைசிப் பொண்ணுகிட்ட. முடிவு தாய்மாமன்கிட்ட. நான் சொன்னா நீ கையெழுத்துப் போடணும்.

— போடலேன்னா?

— வீட்டை விட்டுக் கொடுத்துட்டுப் போகணும். அப்புறம் உரிமை உன் நடு அக்கா ரிதாஹுனுக்கு. அவளும் மாட்டேன்னா பெரியவ. அதோட நம்ம குலத்துல பொண்ணு வரிசை முடிஞ்சுது.

— தெரியும்.

— என்ன தெரியும்? உங்கம்மாவை எரிச்சு எடுத்து வெச்ச எலும்பை இன்னும் குலக் கல்லறையில சேர்க்கலை. சேர்க்க வேண்டியவ நீ. உரிமை போச்சுன்னா அவ எலும்பைத் தொடக்கூட உனக்கு வழியில்லை.

— அதை நினைச்சுத்தான் தூக்கமே வரலை மாமா.

— அப்போ பிடிவாதத்தை விடு. கீழே மேனேஜர் பனியில நிக்கறார். கையெழுத்தைப் போடு.

— நேத்தே போட்டாச்சு. இந்தாங்க.

— இது நான் சொன்ன பத்திரமில்லையே. என்ன இது, மூணு கையெழுத்து?

— எனக்கு வீடு வேணாம்னு முதல்ல என்னோடது. அடுத்தது ரிதாஹுன் அக்கா. கீழே பெரியக்கா. நீங்க முடிவு சொல்லுங்க மாமா. கையெழுத்துப் போடத்தான் இனி இந்த வீட்டுல பொண்ணு இல்லை.