மருந்தால் அல்ல, மருந்தில்லாமல்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, ஊன்றுகோலைப் பிடித்தபடி நிமிர்ந்து அமர்ந்திருக்கும் எங்கள் ஊர்த்தலைவர் சிம்பேப்போ அவர்களே! மாவட்டத்திலிருந்து மண்சாலையில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்திருக்கும் அதிகாரி ஐயா அவர்களே! ஷிரே ஆற்றின் சீற்றத்தையும் சிரிப்பையும் கண்டு நரைத்த பெரியோர்களே! மடியிலே ஒன்றும் மண்ணிலே ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் சுகாதாரப் பணியாளர் எஸ்னாத்தின் பணிவான வணக்கம்.

வெள்ளம் வடிந்து ஓராண்டு ஆகிவிட்டது. இறந்தவர்களை நினைக்கக் கூடியிருக்கிறோம். என்னைப் புகழ்ந்து இரண்டு பேர் பேசிவிட்டார்கள். போதும் ஐயா! புகழைச் சுமக்க நான் வரவில்லை. புண்ணைக் காட்ட வந்திருக்கிறேன்.

அந்த மார்ச் மாதத்தை மறந்தவர் யார்? ஆறு நாள் அடைமழை. ஏழாம் நாள் ஆறு எழுந்து நடந்து வந்தது. வீடு போயிற்று, விதை போயிற்று, விளைந்து நின்ற மக்காச்சோளமும் வேரோடு போயிற்று. இந்தப் பள்ளிக்கூட மேட்டில் எண்ணூறு பேர் ஏறி நின்றோம். மாவு ஏற்றி வந்த லாரிகள் உடைந்த பாலத்துக்கு அப்பால் நின்றன. நாம் என்ன தின்றோம்? கழுத்தளவு நீரில் இறங்கி, முதலைக்கு அஞ்சி அஞ்சி, அல்லிக் கிழங்கைப் பறித்துத் தின்றோம். என்ன குடித்தோம்? அந்த ஆற்றையேதான் குடித்தோம்! பிறகு வந்தது காலரா.

ஓர் அறைதான் மருத்துவமனை. நான் ஒருத்திதான் அங்கே எல்லாம். நோய் வந்த ஐந்தாம் நாள் காலை ஐந்து பேர் உடல் நீர் வற்றிக் கிடந்தார்கள். கையில் இருந்த ட்ரிப்ஸ் பாட்டில்கள் நான்கு பேருக்குத்தான் வரும். நான்கு பேர் கண் செருகிக் கிடந்தார்கள். ஐந்தாமவள் ஃபலெசி, படகோட்டி ஜோஸாமின் மனைவி. அவள் பேசிக்கொண்டிருந்தாள். பேசுகிறவள் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துவிட்டு, பாட்டில்களை மற்றவர்களுக்கு ஏற்றினேன். குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். உச்சிவேளைக்குள் அவள் குரல் அடங்கிவிட்டது.

ஓடி வந்தார் ஜோஸாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லா மருந்தும் குடுத்தோம் அண்ணே" என்று சொன்னேன். பொய் சொன்னேன் தாய்மார்களே, பொய்!

அந்தப் பொய்யிலிருந்து ஒரு பேச்சு முளைத்தது. "எல்லா மருந்தும் குடுத்தும் செத்தாளாம். அப்போ மருந்துதான்டா கொல்லுது! தண்ணியில போடுற வெள்ளைத் தூளுதான் சாவு!" குடிநீரில் நான் குளோரின் தூள் கலந்து வைத்திருந்த வாளிகளைக் கவிழ்த்தார்கள். துடுப்போடு வாசலில் நின்ற ஜோஸாம் கத்தினார்: "ஏய் மருந்துக்காரி! இன்னும் எத்தன பேரக் குழிக்கு அனுப்பப் போற? வெளிய வா, உன் தூள நீயே தின்னு!"

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று வாளியைக் கவிழ்த்தவர்களில் நீங்களும் ஒருவர்தானே?

மூன்று நாள் கழித்து ஒரு விமானம் புதிய மருந்தைப் போட்டுவிட்டுப் போனது. அதே மாலையில், அக்கரைத் திட்டிலிருந்து மரக்கட்டையைப் பிடித்து நீந்தி வந்த ஒருவர் செய்தி சொன்னார்: அங்கே நாற்பது குடும்பம், சோறில்லை, சுத்த நீரில்லை, வீட்டுக்கு வீடு நோய். அந்தச் சுழலில் படகு விடத் தெரிந்தவர் இந்த மேட்டில் ஒரே ஒருவர். யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

போனேன். கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அக்கரைக்குப் போகணும்."

"உன்ன ஏத்திட்டா? படகு நாறிப் போயிரும். போ அங்கிட்டு."

"உங்களத் தவிர ஆளில்ல அண்ணே."

"ஒண்ணு கேக்குறேன். நெசத்தச் சொல்லு. ஃபலெசிக்கு என்ன குடுத்த?"

உண்மையைச் சொன்னேன். "அவளுக்கு ட்ரிப்ஸ் ஏத்தல அண்ணே. நாலு பேருக்குத்தான் இருந்துச்சு. அவ பேசிட்டே இருந்தா, தாங்கிருவான்னு நெனச்சேன். தப்பா நெனச்சிட்டேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அடிப்பார் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை. மெல்லக் கேட்டார்:

"பேசிட்டிருந்தாளா? என்ன பேசுனா?"

"உங்களத் திட்டிட்டிருந்தா அண்ணே. 'அந்த மனுசன் வலைய ஈரத்தோட சுருட்டி வச்சிருப்பாரு, யாராச்சும் போயி உதறிப் போடுங்க'ன்னு."

ஜோஸாம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆற்றின் இரைச்சலை மீறி அழுதார். பிறகு எழுந்து படகைப் புரட்டிப் போட்டார்.

"ஏறு. நடுவுல உக்காரு. ஆடுன, உன்னயும் சேத்து முதலைக்குப் போட்ருவேன்."

அக்கரையில் என்ன வரவேற்பு கிடைத்தது? கல்! "மருந்துக்காரி வந்துட்டா, தூளோட வந்துட்டா!" என்று கல்லெடுத்தார்கள். அவர்கள் முன்னே நடந்தார் ஜோஸாம். ஒரு குவளை நீரில் அந்த வெள்ளைத் தூளை நானே கரைத்துக் கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தார். துடைக்காத வாயோடு சொன்னார்:

"என் பொண்டாட்டி மருந்தால சாகல. மருந்து பத்தாம செத்தா. உங்க பொண்டாட்டி புள்ளைங்களையாச்சும் காப்பாத்திக்கிங்க."

கற்கள் கீழே விழுந்தன. அன்றும் மறுநாளும் பதினோரு முறை ஆற்றைக் கடந்து திரும்பினார். இருபத்தாறு நோயாளிகளைக் கொண்டுவந்தோம். இருபத்துமூன்று பேர் நடந்து வீடு போனார்கள். மூன்று பேரை அதோ அந்தப் புளியமரத்தருகே, ஃபலெசிக்குப் பக்கத்தில் புதைத்தோம். ஜோஸாம் என்னை மன்னித்தாரா? தெரியாது. நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. இன்றைக்கும் அவர் இங்கே வரவில்லை, வலை போடப் போயிருக்கிறார்.

அவையோரே! ஃபலெசியைக் கொன்றது யார்? ஆறா? ஆறு வரும், வராத ஆண்டு உண்டா? நோயா? நோய்க்கு மருந்து உண்டு! அவளைக் கொன்றது தூரம். அவளைக் கொன்றது தாமதம். அவளைக் கொன்றது, 'மழை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்ற மெத்தனம். உலகம் இரக்கத்தோடுதான் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் குழி தோண்டிய பிறகு வந்தது! மாவு முன்னே வரட்டும், மழை பின்னே வரட்டும். மருந்து முன்னே வரட்டும், மரணம் வழி தெரியாமல் திரும்பட்டும்!

அதிகாரி ஐயா, இந்த மேட்டில் கிடங்கு கட்டித் தந்தீர்கள். நன்றி. கதவு புதிது, பூட்டு புதிது, உள்ளே காற்றுதான் இருக்கிறது. மாவும் மருந்தும் எப்போது வரும்? தேதி சொல்லுங்கள்.

என்ன ஐயா? காதில் விழவில்லை. பின்னால் தாய்மார்கள் இருக்கிறார்கள், எழுந்து நின்று சொல்லுங்கள்.

நவம்பர் பத்து! அடுத்த மழைக்கு முன்னே!

கேட்டீர்களா பெரியோர்களே? கேட்டீர்களா தாய்மார்களே? கைதட்ட வேண்டாம். நவம்பர் பத்தாம் தேதி கதவு திறக்கும்போது எல்லோரும் வாருங்கள், அப்போது தட்டலாம். இது வரை பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. உறங்கும் நம் உறவுகளுக்கு என் கண்ணீர் வணக்கம்.