நாற்பத்தொன்றாம் எண் மரத்தைக் கட்டியது குறித்து

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு மார்ச் ஒன்பதாம் தேதி மாலை ஐந்து பத்துக்கு, முழு சுயநினைவோடும், யாருடைய தூண்டுதலும் இன்றியும், ஒரு பழைய போர்வையின் ஓரத்தைக் கிழிப்பது என்று நான் முடிவு செய்தேன். எனக்கு வயது ஐம்பத்தேழு. ‘நெட்டையண்ணன்’ என்று கூப்பிடுவார்கள். மர ஆராய்ச்சித் தோட்டத்தின் பின்புறம், பணியாளர் குடியிருப்பின் கடைசி வீட்டில் மனைவியுடன் வசிக்கிறேன். அதே தோட்டத்தில் பத்தொன்பது வருடமாகக் கன்றுகளைப் பராமரித்து வருகிறேன்.

மரத்தைக் காகிதக்கூழாக்கும்போது, அதை உள்ளே இறுக்கிப் பிடித்திருக்கும் பசையைக் கரைக்கத்தான் ஆலையில் மருந்தும் நேரமும் அதிகம் போகிறதாம். அந்தப் பசை குறைவாக ஊறும்படி மரபணுவை மாற்றி, எங்கள் ஆராய்ச்சியாளர் மேடம் அறுபது கன்றுகளை உருவாக்கினார். பசை குறைந்ததால் அவை சாய்ந்தன. மேடம் தினமும் காலை ஒன்பதுக்குச் சாய்வை அளப்பார். பதினைந்து டிகிரியைத் தாண்டினால் பிடுங்கி எரிக்க வேண்டும் என்பது விதி. எரிப்பது என் வேலை.

நாற்பத்தொன்றாம் எண் கன்று பதினான்கு டிகிரியில் இருந்த அன்று மதியம் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவள் என் கையைப் பிடித்துத்தான் எழுந்து நிற்பாள். “நிக்கத் தெம்பில்லாததைத் தனியா நிக்கவிட்டு அளந்து பாக்குறீங்களா? நல்ல படிப்புதான் போங்க” என்றாள். அதன் பிறகுதான் போர்வையைக் கிழித்தேன்.

அன்று முதல் மாலையில் அந்தத் துணியால் கன்றைப் பக்கத்திலிருந்த பழைய வேப்பமரத்தோடு கட்டிவைத்து, காலை எட்டரைக்கு அவிழ்த்துவிடுவேன். மேடம் அளந்துவிட்டு ஆய்வகத்துக்குப் போன பிறகே அது மெல்லச் சாயத் தொடங்கும். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்த மரம். என் மனைவி, “வீட்ல ஒண்ணு, தோட்டத்துல ஒண்ணு. ரெண்டு குடும்பக்காரர்” என்று கேலி செய்வாள்.

மற்ற ஐம்பத்தொன்பதையும் எரித்தேன். அதன் பிறகு ஒருநாள் மேடம், “அண்ணா, இது மட்டும் அசையவே இல்ல, பாத்தீங்களா!” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “ஆமாம்மா” என்று சொன்னேன். அதன் பிறகு காகித ஆலையின் தேர்வுக் குழுவினர் வந்து, மரத்தைப் பதினோரு நிமிடம் பார்த்து, கைதட்டிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு அதன் கிளைகளிலிருந்து பன்னிரண்டாயிரம் கன்று எடுத்து ஆலைக்காரர்கள் நட்டார்கள். சென்ற மாதக் காற்றில் எல்லாமே படுத்துவிட்டன. பொய்க் கணக்கு எழுதி ஏமாற்றினார் என்று ஆலை கொடுத்த புகாரில் மேடம் நேற்று முதல் இந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறார். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். காலை ஒன்பதுக்கு அது நேராகத்தான் நின்றது.

இன்று காலை என் மனைவி, “போங்க. அந்தப் பொண்ணு ஒண்டியா உக்காந்திருக்கும். நான் சுவத்தைப் பிடிச்சு நடந்துக்குறேன்” என்றதன் பேரில் வந்தேன்.

இவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்குப் படித்துக்காட்டப்பட்டன. நடந்தது இதுவே, கூட்டியதோ குறைத்ததோ இல்லை.

(ஒப்பம்)

பதிவு செய்த அலுவலரின் குறிப்பு: ஆராய்ச்சியாளர் மாலை 4.20க்கு விடுவிக்கப்பட்டார். அவர் இருந்த பெஞ்சில் இவர் உட்காரவைக்கப்பட்டார்.